காட்டு பங்களாவில் ஐப்பசியும் கார்த்திகையும்

அக்டோபர் பிறந்தால், ஹைதராபாத்தில் குடியேறிய நம் குடும்பங்களுக்குத் தசரா விடுமுறையும், பதுகம்மாவும், தெருவோரத்தில் கூடை கூடையாய் வந்திறங்கும் சீத்தாப்பழமும் நினைவுக்கு வரும். கூடவே, "பிள்ளைகளுக்கு லீவு வருகிறதே, காட்டுப் பக்கம் ஒரு நாள் போய்த் தங்கிவிட்டு வரலாமா?" என்ற பேச்சும் எழும். கொண்டாப்பூரிலிருந்து காலையில் காரில் கிளம்பினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஸ்ரீசைலம் சாலையில் மன்னனூரை அடைந்துவிடலாம். அங்கேதான் நல்லமலைக் காட்டின் வாசல். ஊருக்குப் போகும்போது பொள்ளாச்சி வழியாக ஆனைமலை ஏறி, டாப்ஸ்லிப்பில் ஓர் இரவு தங்கி வருகிறவர்களும் நம்மிடையே உண்டு.

எங்கே தங்கலாம், எப்படி முன்பதிவு செய்யலாம் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். நம்மைத் தங்க வைக்கிறவர்களின் பாடு என்ன என்று சொல்பவர்கள் குறைவு. பழைய காட்டு விடுதி ஒன்றை மழை விட்ட பருவத்தில் நடத்துவதென்றால் என்னென்ன வேலை, அதை யார் செய்கிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கூதிர் காலம்

மேல்நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். மரங்கள் சிவந்து, மஞ்சளாகி, இலைகளைக் கொட்டும். நம் பள்ளிப் புத்தகங்களும் இந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டன. ஆனால் நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம், அதாவது குளிர்ந்த வாடை வீசும் காலம். சங்க இலக்கியத்தில் நெடுநல்வாடை என்ற பாட்டு முழுவதும் இந்தப் பருவத்தில்தான் நடக்கிறது. வீட்டை வாடைக்கு ஒழுங்கு செய்துகொள்வதும், நெருப்பு மூட்டிக் குளிர் காய்வதும் அதில் விரிவாக வருகின்றன. ஆக, கூதிரில் வீட்டைப் பேணுவது நமக்குப் புதிய செய்தியன்று.

நம் தேக்குக் காடுகள் ஐப்பசியில் இலை உதிர்ப்பதில்லை. முன்பனியில் தொடங்கி வேனிலுக்குள்தான் மொட்டையாகும். ஐப்பசியில் காடு நிறைபச்சையாக நிற்கும். புல் மட்டும் மெல்லப் பழுக்கும். பதுகம்மாவுக்காக அடுக்கப்படும் தங்கேடு பூ, அதாவது நம் ஆவாரம்பூ, இந்த நாட்களில்தான் தரிசு நிலங்களிலும் காட்டோரங்களிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும. தக்காணத்தில் அக்டோபரில் தென்மேற்குப் பருவமழை விலகுகிறது. ஆகவே நல்லமலையில் விடுதி நடத்துபவருக்கு அது ஈரத்தை உலர்த்தும் காலம். ஆனைமலையிலோ அதே அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பமாகிறது. டாப்ஸ்லிப்பில் இருப்பவருக்கு அது இரண்டு மழைகளுக்கு நடுவே கிடைத்த சிறு இடைவெளி. ஒருவர் நிதானமாகச் செய்கிற வேலையை இன்னொருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கும்.

பங்களாக்கள் வந்த கதை

சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856-இல் தொடங்கியது. டாக்டர் ஹியூ கிளெகார்ன் அதன் முதல் தலைவர். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. வன அதிகாரிகள் மாதக்கணக்கில் குதிரையிலும் நடையாகவும் காட்டைச் சுற்றி வர வேண்டியிருந்ததால், ஒரு நாள் பயணத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஓய்வு விடுதிகள் எழுந்தன. உயர்ந்த அடித்தளம், சுற்றிலும் அகலமான வராந்தா, சரிந்த ஓட்டுக்கூரை, கனத்த சுவர், வீட்டை விட்டுத் தள்ளி ஒரு சமையற்கட்டு. இந்த அமைப்பு நாடெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுப்பு தள்ளி இருப்பதற்குக் காரணம் உண்டு. தீப்பிடித்தால் பங்களா தப்பும். சாப்பாட்டு வாசனைக்கு வரும் கரடியும் பன்றியும் படுக்கையறை வரை வராது.

டாப்ஸ்லிப் என்ற பெயரே இந்த வரலாற்றைச் சொல்கிறது. வெட்டிய தேக்கு மரங்களை அந்த உச்சியிலிருந்து சரிவில் நழுவவிட்டு அடிவாரம் சேர்த்தார்கள். கப்பல் கட்டவும் ரயில் பாதைக்கும் ஆனைமலைத் தேக்கு போய்க்கொண்டே இருந்ததால் காடு வெறுமையானது. அதை மீட்ட வன அதிகாரி ஹியூகோ வுட். 1870-இல் பிறந்து 1933-இல் மறைந்தவர். நடக்கும்போது கைத்தடியால் குழி குத்தி, சட்டைப்பையிலிருந்த தேக்கு விதைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவார் என்று அங்கே இன்றும் சொல்வார்கள். அவர் விருப்பப்படியே அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்பில், தேக்குகளின் நடுவே இருக்கிறது.

அரசர்களும் காட்டில் வீடு கட்டினார்கள். மைசூர் மகாராஜாவின் வேட்டை மாளிகை கபினிக் கரையில் இருந்தது. ஹைதராபாத் நிஜாமுக்கு நல்லமலையில் ஃபராஹாபாத் என்ற இடத்தில் வேட்டை விடுதி இருந்தது. இவற்றுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு பார்ப்போம்.

மழை விட்டதும் தொடங்கும் வேலை

அம்ராபாத் புலிகள் காப்பகம் மழை மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டு, பெரும்பாலும் அக்டோபர் முதல் தேதியில் திறக்கப்படுகிறது. ஆள் புழங்காமல் கிடந்த வீட்டில் முதல் விருந்தாளி காலடி வைப்பதற்குள் முடிக்க வேண்டியவை கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் கூரை. குரங்குகள் தாவியும் கிளைகள் விழுந்தும் ஓடுகள் நழுவியிருக்கும். ஏறிப் பார்த்து, உடைந்ததை மாற்றி, முகட்டு ஓடுகளின் பூச்சைச் சரிசெய்ய வேண்டும். கூரையின் ஓரத் தகரத்தில் அடைத்த சருகை அள்ளாவிட்டால் அடுத்த மழை சுவருக்குள் இறங்கும். அதன்பின் மரவேலை. தேக்கு உத்தரத்தைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் ஓடு தாங்கும் சட்டங்களுக்கு மலிவான மரம் போட்டிருந்தால் அவற்றில் மண் கோடு ஏறியிருக்கும். ஈரத்தில் உப்பிய கதவுகள் சாத்த வராது. அவசரப்பட்டு இழைத்துவிட்டால் கோடையில் இடைவெளி விழும். அனுபவசாலி உலரும் வரை பொறுத்திருப்பார்.

அடுத்து உள்ளே. மெத்தை தலையணைகளை வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். அறைகளில் வேப்பிலைப் புகை போட்டுப் பூச்சிகளை விரட்ட வேண்டும். விறகு அடுக்கையும் குளியலறை மூலையையும் கம்பால் கிளறிப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். தேளும் பாம்பும் மழைக்கு ஒதுங்கிய இடங்கள் அவை. பிறகு சுண்ணாம்பு அடிக்கலாம்.

தண்ணீர் மூன்றாவது. ஓடையிலிருந்து வரும் குழாயில் சேறு அடைத்திருக்கும். சில இடங்களில் யானை மிதித்து உடைத்திருக்கும். தொட்டியின் வண்டலை வாரிக் கழுவி நிரப்ப வேண்டும்.

நான்காவது எல்லை. யானை உள்ள காடுகளில் விடுதியைச் சுற்றி அகழி வெட்டியிருப்பார்கள். யானைக்குக் குதிக்க வராது. ஆகவே அகழியைத் தாண்டாது. ஆனால் மழையில் கரை சரிந்து பள்ளம் மேடானால், யானை காலால் இன்னும் கொஞ்சம் மண்ணைச் சரித்துப் பாதை போட்டுக்கொள்ளும். எனவே ஒவ்வொரு மழைக்குப் பின்னும் தூர் வார வேண்டும். சூரிய மின்வேலி இருந்தால், கம்பியில் படர்ந்த கொடியையும் உரசும் புல்லையும் அறுக்க வேண்டும். பச்சைச் செடி பட்டால் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். வேலி பெயருக்குத்தான் இருக்கும்.

கார்த்திகை பிறந்ததும் இன்னொரு கவலை. மழையில் ஆளுயரம் வளர்ந்த புல் காய ஆரம்பிக்கும். விடுதியைச் சுற்றி அதை அறுத்து, தீ தாண்டாதபடி வெற்று நிலமாக்கி வைக்க வேண்டும். மாசி பங்குனியில் காட்டுத் தீ வந்தால் பங்களாவைக் காப்பது கார்த்திகையில் தொடங்கிய இந்த வேலைதான்.

இதற்கெல்லாம் நடுவே விருந்தாளிகள் வருகிறார்கள். அரிசி பருப்பிலிருந்து தீப்பெட்டி வரை பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். மறந்த சாமானுக்கு மூலைக் கடை கிடையாது. வழியில் மரம் விழுந்தால் அதை வெட்டி அகற்றிய பிறகே வண்டி வரும். சமைத்த மிச்சத்தைக் குழியில் போட்டு மூட வேண்டும். திறந்து கிடந்தால் அன்றிரவே பன்றி வரும். அது பழகிவிட்டால் பின்னாலேயே சிறுத்தையும் வரலாம்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வீடு

பங்களாவின் பின்புறம், சமையற்கட்டை ஒட்டி, பெரும்பாலும் ஒரு சிறு வீடு இருக்கும். காவலரோ சமையற்காரரோ குடும்பத்தோடு இருக்கும் இடம் அது. மேலே சொன்ன வேலைகளில் பெரும்பகுதி அவர்கள் கையில்தான். எந்த ஓடு எந்தப் பக்கக் காற்றுக்கு நழுவும், எந்தத் தடத்தில் யானை வரும் என்பதெல்லாம் எழுதி வைக்கப்படாத அறிவு. டாப்ஸ்லிப் பக்கம் கோழிகமுத்தி யானை முகாமில் யானைகளைப் பராமரிப்பவர்கள் மலசர் மக்கள். நல்லமலையில் காட்டை அறிந்தவர்கள் செஞ்சு மக்கள். மானிடவியலாளர் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப் 1940-இல் அவர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1943-இல் நூல் வெளியிட்டார். 2021-இல் அம்ராபாத்தில் காட்டில் தங்கும் சுற்றுலாத் திட்டம் தொடங்கியபோது, செஞ்சு இளைஞர்கள் வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டார்கள்.

இத்தகைய வேலைகளில் இருப்போர் பலருக்கு நிரந்தரச் சம்பளம் கிடையாது, தினக்கூலியோ ஒப்பந்தமோதான். பிள்ளைகள் படிப்பதற்காகத் தொலைவில் உள்ள விடுதிப் பள்ளியில் இருப்பார்கள். நமக்கு விடுமுறை என்றால் அவர்களுக்கு அதிக வேலை. தீபாவளியன்று நம் குடும்பம் காட்டில் ஒன்றுகூடுகிறதென்றால், அன்று பூரி பொரிக்கும் அம்மாவின் பிள்ளைகள் அவர் கை ஒழியக் காத்திருக்கிறார்கள் என்று பொருள். அடுத்த தலைமுறை இந்த வேலைக்கு வரத் தயங்குவதில் வியப்பென்ன?

நின்ற வீடும் விழுந்த வீடும்

இப்போது அரசர் வீடுகளுக்கு வருவோம். 1980-இல் கர்நாடக அரசு ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. கபினியின் பழைய வேட்டை மாளிகை விருந்தினர் விடுதியாக மாறியது. 1916-இல் பிறந்து 2010-இல் மறைந்த கர்னல் ஜான் வேக்ஃபீல்டு, முதுமையிலும் அங்கேயே வாழ்ந்து அந்த விடுதிக்கு முகமாக விளங்கினார். அரசர் போனார், ஆனால் வீட்டில் ஆள் குடியிருந்தது.

ஃபராஹாபாத்தின் கதை வேறு. 1948-இல் நிஜாம் ஆட்சி முடிந்தது. வேட்டைக்கு வரும் அரசர் இல்லையென்றால் வேட்டை விடுதிக்கு ஆள் எதற்கு? இன்று அங்கே போகிறவர்கள் பழைய கட்டடத்தின் சிதைவுகளைத்தான் காண்கிறார்கள்.

கல் கட்டடம் எப்படி விழுகிறது என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லலாம். முதலில் ஓர் ஓடு நழுவுகிறது. அந்த வழியாக இறங்கும் நீர் அடியிலுள்ள சட்டத்தை ஊற வைக்கிறது. ஊறிய சட்டத்துக்குக் கரையான் வருகிறது. சட்டம் இற்றதும் பத்து ஓடுகள் விழுகின்றன. கூரை திறந்ததும் மழை சுவரின் தலையில் இறங்கிச் சுண்ணாம்புக் காரையைக் கரைக்கிறது. பறவை எச்சத்தில் வந்த ஆல விதை அந்த விரிசலில் முளைக்கிறது. வேர் பருத்ததும் சுவர் பிளக்கிறது. இத்தனையும் தொடங்குவது ஓர் ஓட்டில். ஐப்பசியில் ஒருவர் ஏணி வைத்து ஏறி அந்த ஓட்டைத் திருப்பி வைத்திருந்தால், அந்த ஆண்டு கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வரலாற்றுச் சின்னம் என்று பலகை வைத்தால் வீடு நிற்காது. ஏணி வைத்து ஏற ஓர் ஆள் அங்கே குடும்பத்தோடு வாழ வேண்டும்; வாழும்படியான சம்பளமும் வேண்டும். பழைய விடுதிகளைக் காப்போம் என்று பேசும்போது, பின்னால் இருக்கும் அந்தச் சிறு வீட்டின் கூரையையும் சேர்த்தே பேச வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

மன்னனூருக்கு அப்பால் ஸ்ரீசைலம் சாலையில் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். எத்தனை பேர், என்ன சாப்பாடு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்துப் பேருக்குச் சொல்லிப் பதினாறு பேராகப் போய் நிற்க வேண்டாம். இருட்டிய பின் முற்றத்தை விட்டு இறங்காதீர்கள். காய்கிற புல்லில் உண்ணியும், ஆனைமலை ஈரத்தில் அட்டையும் இருக்கும். நீளக் காலுறை உதவும். குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். நாளை ஓட்டைப் பெயர்ப்பது அதுதான். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

கிளம்பும்போது விருந்தினர் புத்தகத்தை நீட்டுவார்கள். புலி பார்த்தோம், பார்க்கவில்லை என்றே பெரும்பாலோர் எழுதுகிறோம். சமைத்துப் போட்டவரின் பெயரைக் கேட்டு, அதையும் பிள்ளைகள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மேலதிகாரி படிக்கும் புத்தகம் அது. அந்தக் குடும்பத்தின் வேலைக்கு அதுவும் ஒரு சாட்சியாக இருக்கட்டும்.