ஓட்டின் தோல்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் கையோடு, கறுத்துக் கிடக்கும் கூரையையும் கழுவிவிட்டால் என்ன என்ற ஆசை ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒருமுறையாவது வரும். இப்போது அதற்கு வசதியும் இருக்கிறது. பைக் கழுவும் வாட்டர் சர்வீஸ் மெஷினைக் கொண்டுவந்து பீய்ச்சினால் ஒரு பகல் வேலை. சாயங்காலம் பார்த்தால் கூரை கல்யாணப் பெண் மாதிரி சிவந்து நிற்கும். இரண்டு மழைக்காலம் போகட்டும். முன்பைவிடக் கறுத்திருக்கும், அதுவும் திட்டுத் திட்டாக.

அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைக்கிறோம். அதில் பெரும்பகுதி உயிர். சயனோபாக்டீரியா எனப்படும் நீலப்பச்சைப் பாசிகள் மழையில் வளர்ந்து, வெயிலில் பொருக்காகக் காய்ந்து, மாதக்கணக்கில் செத்ததுபோல் கிடந்து, நாலு தூறல் விழுந்ததும் எழுந்துகொள்கின்றன. புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்காக அவற்றில் சில, சைட்டோநீமின் என்ற பழுப்பு நிறமியைத் தம் உறையில் சேர்த்து வைக்கின்றன. நாம் கறை என்பது அவை பிடித்திருக்கும் குடை. கோயில் சுவர்களில் ஏறியிருக்கும் கறுப்பிலும் இந்தக் கூட்டம் உண்டு. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஓட்டுக் கூரைகளைப் பார்த்தால், வடக்குச் சரிவு கூடுதலாகக் கறுத்திருக்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையின்போது சூரியன் தெற்கே சாய்ந்துவிடுகிறது. வடபக்கம் காய்வதற்கு நேரமெடுக்கும்.

சரி, பாசியைத்தானே அடித்து விரட்டினோம், ஓட்டுக்கு என்ன கேடு?

ஓட்டுக்குத் தோல் உண்டு. நாட்டு ஓட்டைக் குயவர் சக்கரத்தில் குழாய்போல் வனைந்து, அரைகுறையாகக் காய்ந்ததும் நெடுக்காக இரண்டாகப் பிளப்பார். ஈரக் கை பட்டுப் பட்டு நுண்ணிய களிமண் துகள்கள் மேலே வந்து படுக்கைவாக்கில் படிகின்றன. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷனின் பிளெப்ஸ்ட் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய சீமை ஓட்டில் கைக்குப் பதில் அச்சின் அழுத்தம். சூளையில் வேகும்போது மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது, மேற்பரப்பு கொஞ்சம் இறுகுகிறது. நகத்தின் கனம்கூட இல்லாத அந்தப் படலத்துக்குள்ளே இருப்பது துளைத் துளையான மண்.

இனி கணக்குக்கு வருவோம். வானத்திலிருந்து விழும் பெரிய மழைத்துளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர். 100 பார் அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர் நொடிக்குச் சுமார் 140 மீட்டரில் வெளியேறும். மணிக்கு 500 கிலோமீட்டர்! வேகம் பதினைந்து மடங்கு என்றால், அதே அளவு தண்ணீர் கொண்டுவரும் ஆற்றல் இருநூறு மடங்குக்கு மேல். மழையைத் தாங்கச் செய்த பண்டத்தின் மேல் இதை ஏவினால் பாசியோடு தோலும் போகிறது. சாயங்காலம் நாம் ரசித்த சிவப்பு, உரிந்த தோலுக்கு உள்ளே தெரியும் சதை. சொரசொரப்பும் துளையும் கூடிய அந்தப் பரப்பு தண்ணீரைக் குடித்துக்கொண்டு பாசிக்குப் பாய் விரிக்கிறது. தமிழகக் கோயில்களில் பல ஆண்டுகள் நடந்த மணல் வீச்சும் இதே கதைதான். சுண்ணாம்புப் பூச்சை எடுப்பதாகச் சொல்லி, சிற்பங்களின் நுணுக்கத்தையும் கல்வெட்டு எழுத்துகளின் கூர்மையையும் சேர்த்து எடுத்தார்கள்.

ஆசிட் ஊற்றிக் கழுவுவது இன்னொரு வகை வம்பு. அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலைகளும் சுரங்கங்களும் இருக்கும் இடம். சுக்கான் கல் கலந்த மண்ணில் செய்த ஓட்டுக்குள்ளும் சுண்ணாம்பு இருக்கும், மேலே படியும் புழுதியிலும் இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைகிறது, பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். கரைந்து உண்டாகும் கால்சியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் உப்பு. அது ஓட்டின் துளைகளுக்குள் தங்கிவிட்டால் மழையில்லாத நாளிலும் ஓடு பிசுபிசுக்கும்.

நடந்தது நடந்துவிட்டது, பழைய தோற்றத்தை எப்படி மீட்பது? எல்லோரும் ஓடுவது பெயிண்ட் கடைக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணெய்ப் பூச்சும் பிளாஸ்டிக் பூச்சும் மேலே மூடிக்கொள்ள, அடிப்பக்கமாகவும் இடுக்குகளிலும் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சை உப்ப வைத்து உரிக்கும். குடித்த மழையை ஆவியாக விட்டு வீட்டைக் குளிரவைக்கும் குணமும் ஓட்டுக்குப் போய்விடும்.

பழைய நிறம் எதுவென்று தெரிய, ஓர் ஓட்டைக் கழற்றிப் பாருங்கள். மேல்வரிசை ஓடு ஏறி மூடியிருந்த விளிம்பில் வெயிலும் படவில்லை, மெஷினும் படவில்லை. சூளையிலிருந்து வந்த நிறம் அங்கே இருக்கிறது. ஆசிட் பட்ட ஓட்டை நல்ல தண்ணீரில் பலமுறை ஊறப்போட்டு உப்பை இறக்கலாம். பிறகு செய்ய வேண்டியது ஓடு மாற்றும் ஆளுக்குத் தெரிந்த வேலை. கொல்லைப்பக்கச் சரிவிலுள்ள, கழுவாத ஓடுகளை வாசல்பக்கம் ஏற்றுவது. தோலுரிந்தவற்றைப் பின்னால் அனுப்புவது. மிச்சமுள்ள வேறுபாட்டை மழை பார்த்துக்கொள்ளும், சில ஆண்டுகளில்.

அரியலூர் மண்ணுக்கு ஓடு புதிதல்ல. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் 1980-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது, சோழர் அரண்மனையின் செங்கல் சுவர்களோடு சிறிய தட்டை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. ராசேந்திரன் காலத்துத் தலைநகரின் கூரை அது. ஆயிரம் ஆண்டுப் பழமையான இத்தகைய சுடுமண் பொருள்களைத் துலக்கத் தொல்லியலாளர் கையில் எடுப்பது மென்தூரிகையும் தண்ணீரும்.

அடுத்த பொங்கலுக்குக் கூரையைக் கழுவத் தோன்றினால், கொல்லைப்பக்கம் ஒரே ஓர் ஓட்டை இறக்கி, தண்ணீர் தெளித்துத் தென்னை நாரால் தேயுங்கள். கையில் சிவப்புத் தூள் ஒட்டினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.