கண் மருத்துவமனை மூக்குக்கண்ணாடியகம்

கண் மருத்துவமனை மூக்குக்கண்ணாடியகம் என்பது ஒரு கண் மருத்துவமனையின் அல்லது கண் சிகிச்சையகத்தின் வளாகத்துக்குள், அதே நிறுவனத்தின் பொறுப்பில் இயங்கும் மூக்குக்கண்ணாடி விற்பனைப் பிரிவு ஆகும். கண்ணைப் பரிசோதித்துக் கொண்டவர் அங்கேயே சட்டகத்தைத் தேர்ந்து, வில்லைகளைப் பொருத்திக் கண்ணாடியைப் பெற்றுச் செல்ல இது வகை செய்கிறது. கண்ணாடி தேவை என்று சொல்பவரும் அதனை விற்பவரும் ஒரே நிறுவனமாக இருப்பதே இவ்வமைப்பின் நன்மைக்கும் அறச் சிக்கலுக்கும் காரணமாகும். நோயாளருக்கு உண்மையான பயனை அளித்து, அவரது தெரிவுரிமையைப் பறிக்காமல் அவரைத் தம் கடைக்கு ஈர்ப்பது எவ்வாறு என்பது கண் மருத்துவ மேலாண்மையில் தொடர்ந்து பேசப்படும் வினாவாகும்.

பின்னணி

உலக சுகாதார அமைப்பு 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட உலகப் பார்வை அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது. அவர்களுள் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் சரிசெய்யப்படாதது. இதில் பெரும்பகுதி கிட்டப்பார்வை, தூரப்பார்வை, வெள்ளெழுத்து போன்ற, மூக்குக்கண்ணாடியால் தீரும் குறைகளாகும். 2021 ஆம் ஆண்டின் உலக சுகாதாரப் பேரவை, ஒளிவிலகல் பிழைக்கான பயனுறு சேவை 2030க்குள் 40 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர வேண்டும் என்னும் இலக்கை ஏற்றுக்கொண்டது.

மருந்துச்சீட்டைப் போலவே கண்ணாடிச் சீட்டும் பொருளாக மாறினால்தான் பயன் தரும். சீட்டைப் பெற்றவர் கண்ணாடி வாங்காமலே வீடு திரும்பினால் பரிசோதனையின் உழைப்பு வீணாகிறது. ஆகவே கண்ணாடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது வணிகம் மட்டுமன்று. சிகிச்சையின் இறுதிப் படியும் ஆகும்.

காவிரிப் படுகையில்

தஞ்சாவூர்ப் பகுதிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. தஞ்சாவூரிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில் உள்ள வல்லத்தில் கிடைத்த பளிங்குக் கற்கள் 'வல்லத்துக் கல்' எனப் பெயர் பெற்றவை. இவற்றைச் செதுக்கி, தேய்த்து, மெருகேற்றிக் கண்ணாடி வில்லைகள் செய்யும் தொழில் அங்கு நடந்து வந்தது. பளிங்கின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.54, இது வழக்கமான கண்ணாடியின் 1.52க்கு மிக அருகில் உள்ளது. எனவே வில்லை செய்ய அது ஏற்றதாக இருந்தது.

தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி (ஆட்சிக்காலம் 1798 - 1832) தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிறுவனத்தை ஆதரித்தார். அவர் காலத்துக் கண்நோயாளர்களின் நோய்க்குறிப்புகள், கண்களின் வண்ணப் படங்களுடன் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வந்துள்ளன.

இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வேளாண்மையே முதன்மைத் தொழில். கண்ணாடித் தேவை இத்தொழிலோடும் பருவத்தோடும் இணைந்துள்ளது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் சூன் 12 ஆம் நாளை ஒட்டிக் குறுவைப் பணிகளும், பின்னர்ச் சம்பா, தாளடிப் பணிகளும் நடைபெறுகின்றன. நடவு, அறுவடைக் காலங்களில் கூலித் தொழிலாளர் மருத்துவமனைக்கு வருவது எளிதன்று. ஒரு முறை வந்து செல்ல ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் செலவாகும். துணைக்கு ஒருவர் வந்தால் அச்செலவு இரட்டிப்பாகும். 'அடுத்த வாரம் வந்து கண்ணாடியை வாங்கிக்கொள்ளுங்கள்' என்பது நகரவாசிக்குச் சிறு தாமதம். கடைமடைக் கிராமத்தவருக்கு அது பெரும்பாலும் கண்ணாடியே இல்லை என்பதாகும்.

கண்ணாடியால் கிடைக்கும் பயன் படிப்பவர்க்கு மட்டும் உரியதன்று. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வு, வெள்ளெழுத்துக் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தித்திறன், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்ததைக் காட்டியது. விதை பொறுக்குதல், நாற்றில் பூச்சி பார்த்தல், திருபுவனத்துப் பட்டு நெசவு, சுவாமிமலை உலோகச் சிற்ப வேலை ஆகிய அனைத்தும் அண்மைப் பார்வையை நம்பியவையே.

செயற்படும் முறை

பரிசோதனை முடிந்ததும் நோயாளருக்குத் தரப்படும் சீட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய கோளத் திறன், உருளைத் திறன், அதன் அச்சு, அண்மைப் பார்வைக்கான கூடுதல் திறன் ஆகியவை டயாப்டர், பாகை அலகுகளில் குறிக்கப்படும். கண்ணாடியகத்தில் கண்மணிகளுக்கு இடையிலான தொலைவு அளக்கப்பட்டு, வில்லை சட்டகத்தின் வடிவுக்கு வெட்டப்பட்டுப் பொருத்தப்படும். இறுதியாக லென்சோமீட்டர் என்னும் கருவியால் திறன் சரிபார்க்கப்படும்.

இப்படிகளில் நேரும் சிறு பிழையும் அணிபவரை வருத்தும். வில்லையின் ஒளிமையம் கண்மணிக்கு நேராக அமையாவிடில் முப்பட்டக விளைவு தோன்றும். அதன் அளவு, திறனை விலகலின் சென்டிமீட்டர் அளவால் பெருக்கக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 4 டயாப்டர் வில்லை ஒவ்வொன்றும் 2.5 மில்லிமீட்டர் உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ விலகியிருந்தால், இரு கண்ணுக்கும் சேர்த்து 2 முப்பட்டக டயாப்டர் விளைவு உண்டாகும். தலைவலியும் கண் அயர்ச்சியும் இதனால் வரலாம்.

வேலை செய்யும் தொலைவும் கருத்தில் கொள்ள வேண்டியதாகும். 40 செ.மீ. தொலைவில் நூல் படிக்க 2.5 டயாப்டர் குவிதிறன் தேவை, 60 செ.மீ. தொலைவில் தறியைப் பார்க்க ஏறத்தாழ 1.67 டயாப்டர் போதும். படிப்புக்கெனத் தரப்பட்ட கண்ணாடி நெசவாளருக்கு மங்கலாகத் தெரிவது இதனால்தான். பரிசோதகரும் கண்ணாடி பொருத்துபவரும் ஒரே கட்டடத்தில் இருந்தால் இத்தகைய குறையை அன்றே பேசித் திருத்தலாம். மருத்துவமனைக் கண்ணாடியகத்தின் மிக வலுவான நியாயம் இதுவே.

நலமுரண்

தமக்கு எவ்வளவு திறன் தேவை என்பதை நோயாளர் தாமே சரிபார்க்க இயலாது. மருத்துவர் சொல்வதையே நம்புகிறார். இந்நம்பிக்கை விற்பனைக் கருவியாக மாறும்போது பின்வரும் தவறுகள் நிகழக்கூடும்:

* பார்வையில் வேறுபாடு தராத 0.25 டயாப்டர் மாற்றத்துக்காகப் புதுக் கண்ணாடி எழுதுதல்.
* சீட்டைக் கையில் தராமல் நேராகக் கடைக்கு அனுப்புதல், அல்லது கண்மணித் தொலைவை மறைத்தல்.
* பரிசோதகருக்கு விற்பனையின் அளவுக்கேற்ப ஊக்கத்தொகை தருதல்.
* கண்புரை அறுவைக்குப் பின், கண் நிலைபெறும் முன்னரே இறுதிக் கண்ணாடியை விற்றல். திறன் நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.
* நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு கண் அயர்ச்சியைப் போக்கும் என உறுதி கூறுதல். 2023 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, குறுகிய காலத்தில் இத்தகைய பயன் இல்லாமலிருக்கலாம் என்று முடிவு செய்தது.

சட்டமும் நெறிமுறைகளும்

இந்திய மருத்துவக் குழுவின் 2002 ஆம் ஆண்டுத் தொழில்முறை நடத்தை ஒழுங்குவிதிகள் இதனை நேரடியாகத் தொடுகின்றன. மருத்துவர், பிற மருத்துவர் எழுதிய மருந்துகளை விற்கவோ மருத்துவச் சாதனங்களை விற்கவோ திறந்த கடை நடத்தலாகாது என அவை கூறுகின்றன. ஆயினும் நோயாளரைச் சுரண்டாத வரையில், மருத்துவர் தாமே மருந்தையோ சாதனத்தையோ வழங்குவது நெறி தவறியதாகாது எனவும் ஏற்கின்றன. நோயாளரை அனுப்புவதற்குக் கழிவுத்தொகை கொடுப்பதும் பெறுவதும் தடுக்கப்பட்டுள்ளன. 2023 ஆகத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2002 ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ஒரு சேவையைப் பெற வேறொரு பொருளை வாங்கியாக வேண்டும் என நிபந்தனை விதிப்பதைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. 'இங்கே கண்ணாடி வாங்கினால்தான் சீட்டு' என்பது இவ்வகையைச் சேரும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டின் கூட்டாட்சி விதி, பரிசோதனை முடிந்ததும் நோயாளர் கேளாமலே சீட்டை அவரிடம் தர வேண்டும் எனப் பணிக்கிறது. இவ்விதி 2024 இல் திருத்தப்பட்டது. ஐக்கிய இராச்சியத்திலும் பரிசோதனை முடிந்த உடனே எழுத்துவடிவச் சீட்டு தருவது சட்டக் கடமையாகும்.

நேர்மையான முறையில் ஈர்த்தல்

மதுரையில் 1976 ஆம் ஆண்டில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தமிழகத்தில் இத்துறையின் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். அதன் ஒளிவிலகல் முகாம்களுக்குச் சட்டகங்களும் வில்லைகளும் வெட்டும் இயந்திரமும் கொண்டு செல்லப்பட்டு, கண்ணாடி அங்கேயே பொருத்தித் தரப்படுகிறது. 2000களில் அது ஊரகங்களில் தொடங்கிய பார்வை மையங்களுக்குக் கண்ணாடி விற்பனை ஒரு வருவாயாக அமைந்து, பரிசோதனைக் கட்டணத்தைக் குறைவாக வைக்க உதவுகிறது.

பொதுவாகப் பின்வரும் நடைமுறைகள் நோயாளரை வற்புறுத்தாமலே ஈர்க்கக்கூடியவை:

* சீட்டை முதலில் கையில் கொடுத்து, வெளிக்கடையிலும் வாங்கலாம் எனத் தமிழில் எழுதியும் வாய்மொழியாகவும் தெரிவித்தல். எழுத்தறியாதோருக்கு வாய்மொழி அறிவிப்பே பயன்படும்.
* எளிய திறன்களுக்கான வில்லைகளை இருப்பில் வைத்து அன்றே பொருத்தித் தருதல். தருவிக்க வேண்டியவற்றை அருகிலுள்ள மையத்துக்கு அனுப்புதல்.
* விலை குறைந்த சட்டகங்களைக் கண்ணில் படும் இடத்தில் வைத்து, எல்லாவற்றிலும் விலையை ஒட்டுதல்.
* இரு கண்ணிலும் ஒரே திறனும் உருளைத் திறனின்மையும் உள்ள வெள்ளெழுத்தினருக்கு ஆயத்தக் கண்ணாடியே போதும் எனச் சொல்லி அதனையும் விற்றல்.
* கண்ணாடி பொருந்தாவிடில் குறித்த காலத்துக்குள் கட்டணமின்றி மாற்றித் தருதல்.
* வெளியில் வாங்கிய கண்ணாடியையும் கட்டணமின்றிச் சரிபார்த்துத் தருதல்.
* பள்ளி மாணவருக்கு அரசின் இலவசக் கண்ணாடித் திட்டங்கள் இருப்பதை விற்பனைக்கு முன்னரே தெரிவித்தல். தமிழ்நாட்டில் கண்ணொளி காப்போம் திட்டம் 2009 ஆம் ஆண்டு முதல் இதற்கென உள்ளது.
* கதிரடிக்கும்போது தெறிக்கும் நெல்லும் தூசும் கருவிழியில் காயமும் புண்ணும் உண்டாக்கக்கூடும் என விளக்கி, எளிதில் உடையாத பாலிகார்பனேட்டுக் காப்புக் கண்ணாடிகளை இருப்பில் வைத்தல்.

வெளிக்கடைக் கண்ணாடியைச் சரிபார்த்துத் தருவது முதல் பார்வைக்கு இழப்பாகத் தோன்றும். ஆனால் அளவிலும் பொருத்தத்திலும் உள்ள வேறுபாட்டை நோயாளர் தாமே உணர இது வாய்ப்பளிக்கிறது. ஊரகங்களில் ஒருவரது அனுபவமே பிறர் வருகையை முடிவு செய்வதால், இத்தகைய நம்பிக்கை விளம்பரத்தைவிட நெடுநாள் நிலைக்கும்.

அளவீடுகள்

எழுதப்பட்ட சீட்டுகளில் எத்தனை உள்கடையில் கண்ணாடியாக மாறின என்னும் விகிதமே பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. 100 சீட்டுகளில் 60 பேர் அங்கு வாங்கினால் அது 60 விழுக்காடு. இவ்வெண்ணை மட்டும் இலக்காக வைத்தால் அது வற்புறுத்தலாலும் உயரக்கூடும். ஆகையால் அதனுடன் பரிசோதிக்கப்பட்டோரில் கண்ணாடி எழுதப்பட்டோர் விகிதம், பழைய கண்ணாடியே போதும் என அனுப்பப்பட்டோர் எண்ணிக்கை, மாற்றித் தரப்பட்ட கண்ணாடிகள், சில மாதங்களுக்குப் பின்னும் கண்ணாடி அணிவோர் விகிதம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நலமுரணை வெளிக்காட்ட உதவும். விற்ற கண்ணாடிகள் பெட்டிக்குள் கிடந்தால் கடை வளர்ந்திருக்கலாம்; பார்வை மீண்டதாகக் கொள்ள இயலாது.

விமர்சனங்கள்

பரிசோதனையும் விற்பனையும் முற்றிலும் பிரிக்கப்பட வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. உள்கடை இருப்பதே நோயாளருக்கு மறைமுக அழுத்தம் தரும் என்றும், சிறு கடைக்காரரின் வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என்றும் அவர்கள் கூறுகின்றனர். பிரித்தால் ஊரகத்தவர் இருமுறை அலைய நேரும் என்றும், விற்பனை வருவாய் இன்றி ஏழைகளுக்கான இலவச அறுவைச் சிகிச்சைகள் குறையக்கூடும் என்றும் மறுசாரார் வாதிடுகின்றனர். சீட்டு நோயாளருக்கே உரியது, அதனை எங்கே கண்ணாடியாக்குவது என்பது அவரது விருப்பம் என்னும் கருத்தில் இரு சாராரும் உடன்படுகின்றனர்.