பார்வையற்றவர் தனியாக ஓட்டுப் போடுவது எப்படி?

சேலம், நாமக்கல் வாக்குச்சாவடிகளில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கூர்ந்து பார்த்தால், ஒவ்வொரு நீலப் பொத்தானின் பக்கத்திலும் பிரெய்லி எண் புடைத்திருக்கும். 2004-ல் அன்றைய ஆந்திராவின் ஆசிப்நகர் இடைத்தேர்தலில் முதலில் சோதித்த ஏற்பாடு இது.

ஏன் பெயர் இல்லாமல் எண்? வேட்பாளர்கள் தொகுதிக்குத் தொகுதி மாறுவார்கள். 1 முதல் 16 வரையிலான வரிசை மாறாது. பெயர்களும் கட்சிகளும் தனி பிரெய்லித் தாளில் இருக்கும். வாக்காளர் அதை விரலால் படித்து, எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, அந்தப் பொத்தானைத் தடவி அழுத்துகிறார். ஓட்டு பதிவானதும் ‘பீப்’ ஒலி கேட்கும்.

ஆனால் ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் விவிபேட் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரிவதோடு சரி. அதைப் பார்வையற்றவர் சரிபார்க்க முடியாது. பிரெய்லி தெரியாதவருக்கோ துணையாள்தான் வழி. அப்போது ஓட்டின் ரகசியம் இன்னொருவருக்கும் தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஹெட்போனில் கேட்டே ஓட்டுப் போடும் இயந்திரங்கள் இருக்கின்றன. இங்கும் அந்தக் குரல் வசதி வந்தாக வேண்டும்.