களையத்தக்க பல் எது?

'பல் போனால் சொல் போச்சு' என்பது தமிழர் வாய்மொழி. ஓசை நயம் ஒன்றே கருதி எழுந்த மொழியன்று இது. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாநுனி பொருந்தப் பிறக்கும். வகரம் மேற்பல்லும் கீழிதழும் பொருந்தப் பிறக்கும். இவ்வுண்மையைத் தொல்காப்பியம் கூறுகின்றது. நன்னூலார் அம்மேற்பல்லை 'அண்பல்' என்பர். உணவுக்கேயன்றி மொழிக்கும் கருவியாவது பல். ஆதலால் பல்லைக் களைதல் மருத்துவரின் இறுதி வழியேயன்றி முதல் வழியன்று.

சொத்தை என்பது பல்லின் மேலுறையாகிய எனாமலை வாயிலுள்ள அமிலம் அரிப்பதால் தொடங்குவது. குழி சிறிதாயின் அடைத்துவிடலாம். நரம்பும் குருதிக் குழாயும் உள்ள பற்கூழை நோய் எட்டிவிட்டாலும், வேரின் உட்புறத்தைத் தூய்மை செய்து அடைத்துப் பல்லைக் காக்க இயலும். பல்லின் பெரும்பகுதி ஈறு மட்டத்திற்குக் கீழும் சிதைந்து, அடைப்புக்கோ உறைக்கோ பிடிப்பில்லாதபோதே அதனைக் களைய நேரிடும்.

வேர் நெடுக்காகப் பிளந்தாலும், ஈறு நோயால் தாடை எலும்பு தேய்ந்து பல் மிகவும் ஆடினாலும் களைதலே பெரும்பாலும் தக்கது. நெருங்கி முளைத்த பற்களை வரிசைப்படுத்த இடம் வேண்டியும் சில வேளைகளில் நல்ல பல் எடுக்கப்படும். வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறவிருப்போர்க்குத் தேறாத பற்களை முன்னரே களைவர். கதிர் பட்ட தாடை எலும்பில் பின்னர்ப் பல் பிடுங்கினால் புண் எளிதில் ஆறாது. வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கமுடைய குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம். பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாவது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்டது.

ஞானப்பல் கோணலாகப் புதைந்திருப்பது ஒன்றே அதனைப் பிடுங்கக் காரணமாகாது. நோயற்ற ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்கும் வழக்கத்தை நிறுத்துமாறு இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு வழிகாட்டப்பட்டது. அடிக்கடி சீழ் வைத்தாலோ, அடுத்த பல்லைக் கெடுத்தாலோ எடுப்பதே முறை.

காக்கத்தக்கதைப் பிடுங்குவது ஒரு பிழையாயின், களையத்தக்கதை வைத்திருப்பது மற்றொரு பிழை. 'மேற்பல்லைப் பிடுங்கினால் கண் கெடும்' என்னும் அச்சம் தமிழரிடையே இன்றும் உண்டு. பல்லின் நரம்பு வேறு; பார்வை நரம்பு வேறு. பிடுங்குவதால் பார்வை போவதில்லை. மாறாக, மேற்பல்லில் கட்டிய சீழ் கவனிப்பாரின்றிப் பரவினால் அரிதாகக் கண்குழியையும் தாக்கக்கூடும். நோவு தானே தணிந்தாலும் நோய் தீர்ந்ததென எண்ணலாகாது. பற்கூழ் செத்துப்போனதாலும் நோவு அடங்கும். முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, வாய் திறக்க இயலாவிடினோ அன்றே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

ஆசிரியர் சிறப்பாக அறியவேண்டுவது ஆறாம் வயதுப் பல்லைப் பற்றியது. பால்பற்கள் இருபது. ஏறக்குறைய ஆறாம் வயதில், பால்பல் எதுவும் விழாமலேயே, அவற்றின் பின்னால் நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. பெற்றோர் பலர் அவற்றையும் பால்பல் என்றே கருதிச் 'சொத்தையானால் என்ன, விழுந்து முளைக்கும்' என விட்டுவிடுகின்றனர். அவை நிலைப்பற்கள், இழந்தால் மீண்டும் முளையா. பால்பல்லையும் காலத்திற்கு முன் இழப்பின், பக்கத்துப் பற்கள் சாய்ந்து, வரவேண்டிய பல்லின் இடத்தை அடைத்துவிடும்.

மலாயாவில் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணுவதற்கென்றே பினாங்கில் 1949ஆம் ஆண்டு பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று அரசாங்கப் பல் மருத்துவக் குழுவினர் பள்ளிகளுக்கே வருகின்றனர். லாயாங் லாயாங் போன்ற தோட்டப்புறங்களில், அவர்கள் வரும் நாளன்று 'பல்லைப் பிடுங்கிவிடுவார்கள்' என அஞ்சிப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவைப்பது, பின்னாளில் உண்மையாகவே பிடுங்குவதற்கு வழிகோலுவதாகும்.

மருத்துவர் பல்லைக் களையச் சொன்னால், 'இதனைக் காக்க வழியுண்டா? களையாவிடின் என்னாகும்? அவ்விடத்தை எவ்வாறு நிரப்புவது?' என மூன்று வினாக்களை வினவுதல் தக்கது. நீரிழிவையும், உட்கொள்ளும் மருந்துகளையும் மறைத்தலாகாது. குருதி உறையாமைக்கான மருந்தைத் தாமே நிறுத்துதலும் ஆகாது. காரணம் அறிந்தபின் களைய வேண்டுமெனில் காலந்தாழ்த்தாமல் களைவதே அறிவுடைமை.