ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு... ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை ஆட்டம்?



"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தந்த பழமொழி. அடுப்படியில் இது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் போதும், பானை முழுவதன் நிலையும் தெரிந்துவிடும்.

ஆனால் இதே பழமொழியைக் கால்பந்து மைதானத்துக்குக் கொண்டுபோகலாமா?

ஓர் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வருகிறார். அதற்கு முன் எந்த அணியையும் பொறுப்பேற்று நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. முதல் இரண்டு ஆட்டங்களில் தோல்வி. உடனே, "இவருக்கு என்ன தெரியும்? இவரை யார் கொண்டுவந்தது?" என்று கேள்விகள் எழுகின்றன. அதே இரண்டு ஆட்டங்களில் வெற்றி பெற்றிருந்தால், "ஆள் பெரிய கெட்டிக்காரர்!" என்று அதே வாய்கள் புகழ்ந்திருக்கும். நெமிலியின் டீக்கடையிலும், ஆம்பூர் ஷூ கம்பெனியின் சாப்பாட்டு வேளையிலும், ஞாயிறு பூசை முடிந்து ஆலய வாசலில் நிற்கும் இளைஞர்கள் நடுவிலும் இத்தகைய தீர்ப்புகளைக் கேட்கலாம். இவை எந்த அளவுக்குச் சரி? நம் மாநிலத்து அணிக்கு நடந்ததையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

சென்னைக்கு வந்த புதியவர்

2014ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் இத்தாலியின் மார்கோ மட்டெராஸி. 2006 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் இத்தாலிக்காகத் தலையால் கோல் அடித்தவர். அதே ஆட்டத்தில் பிரான்சின் ஜிடேன் தம் தலையால் முட்டித் தள்ளியதும் இவரைத்தான். தடுப்பாட்டக்காரராக உலகப் புகழ் பெற்றவர். ஆனால் பயிற்சியாளராக? தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பில் அவர் புதியவர். அவரே வீரராகவும் அவரே பயிற்சியாளராகவும் சென்னைக்கு வந்தார்.

தொடக்கம் பிரமாதம்! முதல் ஆட்டத்தில் கோவாவை அதன் சொந்த மைதானத்திலேயே 2–1 என்று வென்றார்கள். அடுத்து சென்னையில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியையும் 2–1 என்று வென்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் டெல்லி அணியிடம் 1–4 என்று தோல்வி. நான்காவது ஆட்டத்தில் மும்பையை 5–1 என்று நொறுக்கினார்கள். இந்த நான்கு ஆட்டங்களில் எதைப் "பதம்" என்று எடுத்துக்கொள்வது? இரண்டாவதைப் பார்த்தவர் ஒரு தீர்ப்பும், மூன்றாவதைப் பார்த்தவர் வேறு தீர்ப்பும், நான்காவதைப் பார்த்தவர் இன்னொரு தீர்ப்பும் சொல்லியிருப்பார்.

அந்த ஆண்டு 14 லீக் ஆட்டங்களின் முடிவில் சென்னை 23 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், கொச்சியில், கேரளாவிடம் 0–3 என்று தோற்றது. சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அந்த மூன்று கோல்களையும் திருப்பி அடித்தது. கூடுதல் நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஒரு கோலை வாங்கி வெளியேறியது. ரசிகர்கள் கண்ணீரோடு வீடு திரும்பினார்கள்.

அடிமட்டத்திலிருந்து கோப்பை வரை

2015இல் கதை தலைகீழானது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் கோவாவில் 4–0 என்று அபார வெற்றி. ஆனால் பிறகு மீண்டும் சரிவு. பத்து ஆட்டங்கள் முடிந்தபோது கையில் இருந்தவை 10 புள்ளிகள்தான். பட்டியலில் கடைசி இடம். "போன வருஷம் கிடைத்தது அதிர்ஷ்டம். இவருக்கு அனுபவம் போதாது" என்று சொல்ல அதைவிட வசதியான நேரம் இருந்திருக்க முடியாது.

ஆனால் அணியின் உரிமையாளர்கள் அவரை மாற்றவில்லை. மீதமிருந்த நான்கு ஆட்டங்களிலும் சென்னை வென்றது! 22 புள்ளிகளோடு மூன்றாம் இடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது. அப்போதுதான் அந்த டிசம்பர் பெருவெள்ளம் சென்னையை மூழ்கடித்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டியதாயிற்று. அங்கே கொல்கத்தாவை 3–0 என்று வென்றார்கள். அடுத்த ஆட்டத்தில் கொல்கத்தாவில் 1–2 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4–2 என்று முன்னேறினார்கள்.

2015 டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இறுதிப்போட்டி. 87ஆம் நிமிடத்தில் கோவா 2–1 என்று முன்னிலை பெற்றது. எல்லாம் முடிந்தது என்றே தோன்றியது. ஆனால் 90ஆம் நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் கையில் பட்டுப் பந்து அவருடைய வலைக்குள்ளேயே விழுந்தது. அடுத்த ஓரிரு நிமிடத்தில் கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசா ஒரு கோல் அடித்தார். 3–2. சென்னைக்குக் கோப்பை! அந்த ஆண்டு 13 கோல்களோடு அதிக கோல் அடித்தவரும் மென்டோசாதான்.

மூன்றாம் ஆண்டு சொன்ன பாடம்

இத்தோடு நிறுத்திக்கொண்டால், "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உண்மை அத்தனை எளிதல்ல. 2016இல் அதே மட்டெராஸி, அதே சென்னை. எட்டு அணிகளில் ஏழாவது இடம், 15 புள்ளிகள். மென்டோசா அப்போது அணியில் இல்லை. அந்தப் பருவத்தோடு மட்டெராஸியின் சென்னை வாழ்க்கையும் முடிந்தது.

அவருக்குப் பின் வந்தவர் இங்கிலாந்தின் ஜான் கிரெகரி. இவர் அனுபவசாலி. ஆனால் 2017 நவம்பரில் சென்னையில் நடந்த இவருடைய முதல் ஆட்டத்தில், இடைவேளைக்குள்ளேயே கோவா மூன்று கோல்களை அடித்துவிட்டது. முடிவு 2–3. அதே அணி 2018 மார்ச் 17இல் பெங்களூரு அணியை அதன் மைதானத்திலேயே 3–2 என்று வென்று இரண்டாவது முறையாகக் கோப்பையை ஏந்தியது. அடுத்த பருவத்தில்? அதே கிரெகரியின் கீழ் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள். பத்து அணிகளில் பத்தாவது இடம்!

ஆக, அனுபவமில்லாதவரும் ஏறினார், இறங்கினார். அனுபவசாலியும் ஏறினார், இறங்கினார். முதல் சில ஆட்டங்களின் முடிவைப் பார்த்து இவற்றில் எதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது.

முதல் ஆட்டங்கள் ஏன் ஏமாற்றுகின்றன?

முதல் காரணம், கால்பந்தில் கோல்கள் மிகக் குறைவு. இருபது ஓவர் கிரிக்கெட்டில் இரு அணிகளுக்கும் சேர்த்து 240 பந்துகள் உண்டு. ஒரு பந்தில் அதிர்ஷ்டம் கைவிட்டால் அடுத்த பந்தில் ஈடுகட்டலாம். கால்பந்திலோ 90 நிமிடத்தில் இரண்டு அல்லது மூன்று கோல்கள்தான் விழுகின்றன. கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து, ஒரு பெனால்டி, ஒரு சிவப்பு அட்டை போதும். நன்றாக ஆடிய அணி தோற்றுவிடும்.

இரண்டாவது, புதியவர் கையில் இருக்கும் வீரர்கள் பெரும்பாலும் அவர் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல. முந்தையவர் விட்டுச்சென்ற அணியைக் கொண்டுதான் அவர் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, நேரம். ஐ.எஸ்.எல். போட்டியின் தொடக்க ஆண்டுகளில் முழுப் பருவமும் சுமார் இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். ஆட்டம், பயணம், ஓய்வு, மறுபடியும் ஆட்டம். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்க நாள் எங்கே? அதோடு, களமிறங்கும் பதினொருவரில் குறைந்தது ஐந்து பேர் இந்தியராக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பல நாடுகளிலிருந்து வந்து, பல மொழி பேசும் வீரர்களை ஒரே அணியாக்குவது சில நாள்களில் முடிகிற வேலை அல்ல.

வெளிநாட்டிலும் இப்படித்தான். 2008இல் பார்சிலோனா அணியின் பொறுப்பை 37 வயது பெப் கார்டியோலாவிடம் கொடுத்தார்கள். அதற்கு முன் அந்தக் கிளப்பின் இரண்டாம் அணியை ஓர் ஆண்டு நடத்தியதுதான் அவருடைய அனுபவம். லீக்கின் முதல் ஆட்டத்தில் சிறிய அணியான நுமான்சியாவிடம் 0–1 என்று தோற்றார். அடுத்த ஆட்டம் 1–1 என்று சமன். எல்லோரும் முணுமுணுத்தபோது, அந்த அணியின் பழைய நாயகர் ஜோஹன் கிரைஃப் மட்டும், அணி ஆடும் விதம் நன்றாகவே இருக்கிறது என்று தம் பத்திரிகைப் பத்தியில் எழுதினார். அந்தப் பருவத்தின் முடிவில் பார்சிலோனா லீக், ஸ்பெயின் அரசர் கோப்பை, ஐரோப்பிய சாம்பியன் கோப்பை மூன்றையும் வென்றது. கிரைஃப் சோதிடர் அல்ல. மற்றவர்கள் முடிவைப் பார்த்தார்கள். அவர் ஆட்டத்தைப் பார்த்தார்.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

நம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிக்கிடக்கும் தோலைப் பார்த்து யாரும் ஷூவின் விலையைச் சொல்வதில்லை. ஆனால் கைதேர்ந்த ஒருவர் அந்த நிலையிலேயே தோலைத் தொட்டுத் தடவிப் பார்த்து, வேலை சரியாக நடக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். புதிய பயிற்சியாளரின் அணியையும் அப்படித் தொட்டுப் பார்க்கலாம்:

* பந்தை இழந்த அடுத்த நொடியில் வீரர்கள் என்ன செய்கிறார்கள்? சேர்ந்து ஓடி மீட்கிறார்களா, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா?

* போன வாரம் செய்த தவறு இந்த வாரமும் நடக்கிறதா? கார்னர் பந்துகளில் மூன்று ஆட்டங்களாக ஒரே விதமாய்க் கோல் வாங்கினால், அதற்குப் பயிற்சியாளர்தான் பதில் சொல்ல வேண்டும்.

* கோல் விழாவிட்டாலும் கோல் அடிக்கும் வாய்ப்புகள் உருவாகின்றனவா? வாய்ப்பே இல்லாமல் பெற்ற வெற்றியைவிட, வாய்ப்புகள் நிறைந்த தோல்வி நம்பிக்கை தரும்.

* ஆட்டம் கைமீறும்போது அவர் எதையாவது மாற்றுகிறாரா? மாற்று வீரரை இறக்கியபின் ஆட்டத்தின் போக்கு மாறுகிறதா?

* கடைசிப் பத்து நிமிடத்திலும் வீரர்கள் அவருக்காக ஓடுகிறார்களா? ஃபட்டோர்டாவில் 87ஆம் நிமிடத்தில் பின்தங்கிய பிறகும் சென்னை வீரர்கள் ஓடியதை நினைத்துப் பாருங்கள்.

வியூகத்தைப் பற்றியும் ஒரு சொல். 4-4-2, 4-3-3, 3-5-2 என்ற எண்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடுகிறோம். தடுப்பில் எத்தனை பேர், நடுக்களத்தில் எத்தனை பேர், முன்களத்தில் எத்தனை பேர் என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. அது ஆட்டம் தொடங்கும்போது நிற்கும் நிலை. பந்து உருண்டபின் எல்லாம் மாறிவிடும். வேகமான முன்கள வீரர் இருந்தால், பின்வாங்கி நின்று, பந்து கிடைத்ததும் நீளமாக அனுப்பித் தாக்குவது ஒரு வழி. மென்டோசா போன்ற ஒருவர் இருக்கும்போது அது பலிக்கும். அவர் போய்விட்டால் அதே வழி பயன்படாது. ஆகவே, "இந்த வியூகம் சரியா?" என்று கேட்பதைவிட, "இந்த வீரர்களுக்கு இந்த வியூகம் பொருந்துகிறதா?" என்று கேட்பதே முறை.

பொறுமை என்றால் கண்ணை மூடிக்கொள்வதா?

இல்லை. 2015 டிசம்பரில், சென்னை கோப்பையை வென்ற அதே மாதத்தில், ஸ்பெயினின் வலென்சியா அணிக்கு இங்கிலாந்தின் கேரி நெவில் பயிற்சியாளரானார். மட்டெராஸியைப் போலவே இவரும் புகழ்பெற்ற தடுப்பாட்டக்காரர். பயிற்சியாளர் பொறுப்புக்குப் புதியவர். இவருடைய முதல் லீக் வெற்றி பிப்ரவரியில்தான் வந்தது. வீரர்களின் மொழியும் இவருக்குக் கைவரவில்லை. மார்ச் முடிவதற்குள் பதவி போயிற்று. அங்கே ரசிகர்களின் கவலை நியாயமாகவே இருந்தது.

மறுபக்கமும் உண்டு. 2020இல் இத்தாலியின் யுவென்டஸ் அணி, எந்த அணியையும் நடத்தியிராத ஆந்த்ரேயா பிர்லோவை நியமித்தது. முதல் லீக் ஆட்டத்தில் 3–0 வெற்றி! ஆனால் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் லீக் பட்டம் வென்றிருந்த அந்த அணி, அந்தப் பருவத்தில் நான்காம் இடத்துக்குப் போனது. இத்தாலியக் கோப்பையை வென்றும் பிர்லோவின் பதவி நிலைக்கவில்லை. தொடக்கத் தோல்வி ஏமாற்றுவது போலவே தொடக்க வெற்றியும் ஏமாற்றும்.

அரக்கோணத்தில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, டிக்கெட் வாங்கி நேரு விளையாட்டரங்கில் உட்காரும் ரசிகருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்வி, ஆட்டத்தில் கண்ணால் பார்த்ததிலிருந்து எழ வேண்டும். ஸ்கோரை மட்டும் பார்த்து எழுந்தால், அது வெறும் கோபம்.

நம் ஊர் மைதானத்தில்...

மட்டெராஸிக்கும் கார்டியோலாவுக்கும் நம் தீர்ப்பால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் நம் ஊர்களில், பகலெல்லாம் கம்பெனியில் நின்று வேலை பார்த்துவிட்டு, மாலையில் பையன்களைக் கூட்டி இலவசமாகப் பந்து பழக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களும் புதியவர்கள்தான். அவர்களையும் நாம் இதே அவசரத் தராசில்தான் நிறுக்கிறோம். பக்கத்து ஊர் அணியிடம் இரண்டு முறை தோற்றால், கோட்டுக்கு வெளியே நின்று, பையன்கள் காதில் விழும்படி, "உனக்கு என்ன தெரியும்?" என்று கத்துகிறோம். பையன்களும் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்துகிறார்கள். சில வாரங்களில் அவர் வருவதில்லை. பிறகு மைதானமும் வெறிச்சோடிவிடுகிறது. இதில் தோற்றது யார்?

ஒவ்வொரு பருக்கையும் தனித்தனி அடுப்பில் வேகும் பானை இது. கொஞ்சம் வேகவிட்டு, பல பருக்கைகளை எடுத்துப் பார்த்து, பிறகு பதம் சொல்வோம்.

சிந்தனைக்கு:

1. நாம் கடைசியாக ஒரு பயிற்சியாளரைக் குறை சொன்னபோது, ஆட்டத்தை முழுமையாகப் பார்த்தோமா, முடிவை மட்டும் கேட்டறிந்தோமா?

2. நம் ஊரில் சிறுவர்களுக்கு விளையாட்டுப் பழக்கும் இளைஞரிடம், அவர் என்ன கற்றுக்கொடுக்க முயல்கிறார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

3. தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கோல் வாங்கினீர்கள்?" என்பதா, "இன்று என்ன கற்றுக்கொண்டாய்?" என்பதா?