இன்ஹேலரைக் கண்டு பயமா? டாக்டரிடம் கேளுங்கள்!

மூச்சு இழுப்பு உள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மார்களுக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று, இழுப்பு எப்போது வருமோ என்ற பயம். இன்னொன்று, அதற்குக் கொடுக்கிற மருந்து பிள்ளையை என்ன செய்யுமோ என்ற பயம். முதல் பயத்தை எல்லோரிடமும் சொல்லி அழுகிறோம். இரண்டாவதை மட்டும் டாக்டரிடம் சொல்லத் தயங்குகிறோம். 'திட்டுவாரோ, விவரம் தெரியாதவள் என்று நினைப்பாரோ' என்று மனசுக்குள்ளேயே பூட்டி வைக்கிறோம். அக்கம்பக்கத்தில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்ல, பல வீடுகளில் மருந்தே நின்று போகிறது. இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நம் சகோதரிகளுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பத்தாவது வரை படித்தவள். ஈரோட்டில் இருக்கிறோம். என் கணவர் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறார். மூத்த மகளுக்கு இப்போது எட்டு வயது. ஐந்து வயதில் ஒரு மார்கழி மாதம் அவளுக்குச் சளி பிடித்தது. சளி போயும் இருமல் போகவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவாள். நெஞ்சில் பூனை கத்துவது போல் சத்தம் வரும். மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, நெபுலைசர் வைத்துக் கூட்டி வருவோம். கடைசியில் குழந்தைகள் டாக்டர், 'இது ஆஸ்துமாதான். தினமும் காலையும் இரவும் இன்ஹேலர் கொடுக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிரச்னை ஆரம்பித்தது. "அம்மிணி, அதுல ஸ்டீராய்டு இருக்குதாமா? வேண்டவே வேண்டாம். பொட்டப்புள்ள. நாளைக்கு மூஞ்சி ஊதிப்போயி, வளராம குட்டையா நின்னா எவன் வந்து கட்டுவான்?" என்றார் அத்தை. அவர் சொன்னதிலும் காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய தங்கை மகன் பழைய மருந்துச் சீட்டையே காட்டி, வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர். அவருடைய முகம் பூரி மாதிரி உப்பியதை அத்தை கண்ணால் பார்த்திருக்கிறார்.

எதிர்வீட்டு அக்கா, "ஒருதரம் ஆரம்பிச்சா பழகிப்போயிரும், சாகற வரைக்கும் விட முடியாது" என்றார். ஐதராபாத்துக்குக் கூட்டிப் போய் மீன் மருந்து விழுங்க வைக்கச் சொன்னார் ஒருவர். கணவரின் பெரியப்பா மகன் ஒரு பொடிப் பொட்டலமே கொண்டு வந்து கொடுத்துவிட்டார். 'பக்க விளைவே கிடையாது' என்று சத்தியம் வேறு!

நான் மகளின் பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஆளாளுக்குச் சொன்ன பயத்தையெல்லாம் வரிசையாக எழுதினேன். மருந்தைத் தொடங்கி ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அத்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய், அந்தத் தாளை அவர் முன் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

முதல் கேள்வி, முகம் ஊதுமா? "விளையாட்டுக்காரங்க உடம்பை ஏத்தறதுக்குத் திருட்டுத்தனமாப் போடற ஸ்டீராய்டு வேறம்மா, இது வேற. சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி நம்ம உடம்புலயே தினமும் ஒண்ணு சுரக்குது. அதைப் போன்றதுதான் இது. மூச்சுக்குழாய் உள்பக்கம் வீங்கியிருக்கு. அந்த வீக்கத்தை வத்த வைக்கும்" என்றார். மாத்திரையாகச் சாப்பிட்டால் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. அதை மாதக்கணக்கில் சாப்பிடும்போதுதான் முகம் உப்புவதும் எலும்பு பலம் குறைவதும். இன்ஹேலரில் கொஞ்சம் மருந்து நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. என் மகளுக்கு எழுதியது பியூடிசோனைடு, வேளைக்கு 100 மைக்ரோகிராம். 1000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மில்லிகிராம்.

அத்தைக்கு இந்தக் கணக்குப் பிடிபடவில்லை. டாக்டர் வேறு மாதிரி சொன்னார். இழுப்பு வந்தவுடன் கொடுக்கிற சால்புட்டமால் மருந்து சிரப்பாகவும் உண்டு, இன்ஹேலராகவும் உண்டு. சிரப்பில் 5 மில்லி அளவுக்கு 2 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது 20 தடவை அழுத்தினால்தான் 5 மில்லி சிரப்புக்குச் சமம்! எனக்கு அப்போதுதான் விளங்கியது. முன்பு சிரப் குடித்த நாட்களில் மகளுக்குக் கை நடுங்கி, பென்சில் பிடிக்க வராது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இன்ஹேலரிலும் கொஞ்சம் நடுக்கம் வரலாம், சீக்கிரம் அடங்கிவிடும் என்றார்.

இரண்டாவது, வளர்த்தி குறையுமா? 'குறையவே குறையாது' என்று அவர் பூசி மெழுகவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1990களில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் தினம் 400 மைக்ரோகிராம் பியூடிசோனைடு வீதம், நாலு முதல் ஆறு வருடம் கொடுத்தார்கள். அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு அளந்து பார்த்து, 2012-ல் முடிவைச் சொன்னார்கள். மருந்தில்லாத வெறும் இன்ஹேலர் இழுத்தவர்களைவிட இவர்கள் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. என் மகளுக்குக் கொடுப்பது அதில் பாதி அளவுதான். ஆஸ்துமாவைக் கவனிக்காமல் விட்டாலும் வளர்ச்சி கெடும் என்று டாக்டர் சொன்னார். "ஒண்ணேகால் சென்டிமீட்டர்னா எவ்வளவுங்க?" என்று கேட்டார் அத்தை. அரை அங்குலம்கூட முழுசாக இல்லை என்று டாக்டர் விரலை வைத்துக் காட்டினார். "மூச்சு விட முடியாம உக்காந்திருக்கறதுக்கு அரை அங்குலம் போனாப் போகுது, போங்க!" என்று அத்தையே சிரித்துவிட்டார்.

மூன்றாவது, பழகிப்போகுமா? போதைப் பொருள் போலப் பழகாது. ஆனால் நாமாகத் திடீரென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பிவிடும். அதிக அளவில் நீண்ட நாள் கொடுத்திருந்தால், உடம்பு தானாகச் சுரப்பதும் குறைந்திருக்கலாம். திடீர் நிறுத்தம் ஆபத்து. மூன்று மாதம் இருமல், இழுப்பு இல்லாமல் நன்றாக இருந்தால், டாக்டரே பார்த்து அளவைக் குறைத்துக்கொண்டு வருவார்.

பொடிப் பொட்டலத்தையும் எடுத்துக் காட்டினேன். பெயர் இல்லை, அளவு இல்லை, தயாரித்தவர் விலாசம் இல்லை. இப்படிப்பட்ட பொடிகளைச் சோதித்ததில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை தெரிய வந்திருக்கிறதாம். பொட்டலம் அங்கேயே குப்பைத் தொட்டிக்குப் போனது.

எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பையன். இதே பயத்தால் அவன் வீட்டில் இன்ஹேலரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் மூச்சு இழுத்து, உதடு நீலம் பாரித்து, ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாலு நாள் ஆக்சிஜன். எந்த ஸ்டீராய்டுக்குப் பயந்து நிறுத்தினார்களோ, அதையே ஊசி வழியாக அதிக அளவில் ஏற்ற வேண்டியதாயிற்று. பிள்ளை பிழைத்தது தெய்வச் செயல்! அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பயத்தைக் கேட்டுப் பதில் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதற்காக, மருந்தைப் பற்றிய நம் பயமெல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். போன வருடம் மகளுக்கு மூக்கடைப்பும் தும்மலும் சேர்ந்துகொள்ள, இரவு போடச் சொல்லி மான்டெலுகாஸ்ட் என்ற மாத்திரையையும் சேர்த்தார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து நடுராத்திரியில் வீறிட்டு எழுந்தாள். "அம்மா, யாரோ வர்றாங்க" என்று கட்டிக்கொள்வாள். பகலில் தம்பியைக் காரணமில்லாமல் அடிப்பாள், அழுவாள். "பரீட்சை பயமாயிருக்கும்" என்றார் கணவர். "திருஷ்டி சுத்திப் போடு" என்றார் அத்தை. சுற்றியும் போட்டேன்! கூடவே, அவள் அலறி எழுந்த நாட்களைக் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டு வந்தேன். பத்து நாளில் ஏழு வட்டம். மாத்திரை தொடங்கிய தேதியும் அதே காலண்டரில் இருந்தது.

காலண்டரோடு போனேன். டாக்டர் பார்த்ததும், "நல்லவேளை குறிச்சு வச்சீங்க. இன்னிக்கே மாத்திரையை நிறுத்திடலாம். இன்ஹேலர் மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்றார். சில பிள்ளைகளுக்கு இந்த மாத்திரையால் கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 மார்ச்சில் இதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதில்லை. நன்றாகக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. என் மகளுக்கு ஒரு வாரத்தில் அலறல் நின்றது. தாய் கண்ணில் படுகிற மாற்றம் ரத்தப் பரிசோதனையில் தெரியாது, சகோதரிகளே!

பக்க விளைவைக் குறைக்க நாங்கள் கடைப்பிடிக்கும் சில வழிகள்:

இன்ஹேலரை நேராக வாயில் வைத்து அடித்தால், மருந்து பெரும்பாலும் தொண்டையிலேயே படிந்துவிடும். 'ஸ்பேசர்' என்ற குடுவையை மாட்டிக் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்கு நன்றாகப் போகும். சின்னக் குழந்தைகளுக்கு அதில் முகமூடி மாட்டலாம்.

ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியலாம், குரல் கம்மலாம். பல் விளக்குவதற்கு முன்னால் இன்ஹேலர் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. முகமூடி வைத்தால் முகத்தையும் துடைத்துவிடுங்கள்.

ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கதவு நிலையில் நிறுத்தி, உயரத்தைப் பென்சிலால் குறித்துத் தேதி போடுங்கள். என் மகள் மூன்று வருடத்தில் 17 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். அந்தக் கோடுகளை அத்தைதான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

சால்புட்டமால் கொடுத்தும் அடங்காமல், விலா எலும்பு உள்வாங்கி, பேச முடியாமல் திணறினால், அந்த நேரத்தில் பக்க விளைவை யோசிக்காதீர்கள். மருந்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள்.

மகளுக்கு இப்போது இன்ஹேலர் இரவு ஒருவேளை மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் ஓடிப் பிடித்து விளையாடுகிறாள். 'பெண் பிள்ளைக்கு இன்ஹேலர் என்று வெளியே சொல்லாதே' என்று இன்னும் சில சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். மறைத்து வைத்தால் அவசரத்துக்கு எடுத்துக் கொடுக்க யாருக்கும் தெரியாதே! அதனால் வகுப்பு ஆசிரியையிடம் ஒரு சால்புட்டமால் இன்ஹேலர் கொடுத்து, உபயோகிக்கும் விதத்தையும் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது உங்கள் பயத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் அதிகம் பயப்படுகிறவரையும் கூட்டிப் போங்கள். உங்கள் பிள்ளைக்கு வேறு மருந்தில் இப்படி ஏதாவது மாற்றம் கண்டிருந்தால், டாக்டரிடம் சொன்ன பிறகு இந்தப் பகுதிக்கும் எழுதுங்கள். என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

- ஒரு வாசகி, ஈரோடு