இரட்டைப் பார்வை: சத்திரசிகிச்சைக்குச் சம்மதிப்பதா?

முகத்தில் அடிபட்டால் பார்வை தெரிகிறதா என்று மட்டுமே பார்க்கிறோம். கண்ணைத் தாங்கும் எலும்பு உடைந்திருக்கலாம் என்று நினைப்பதில்லை. கண்குழியின் அடித்தளம் மிக மெல்லிய எலும்பு. அது உடையும்போது கண்ணை அசைக்கும் தசை வெடிப்பில் சிக்கலாம். அப்போது மேலே, கீழே பார்க்கையில் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். கன்னமும் விறைத்திருக்கலாம்.

தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரியின் நிலை இதுதான். கணவர் அடித்த அடி. “அக்கா, ஊசி ரெண்டாத் தெரியுது, நூல் கோர்க்க ஏலாமல் கிடக்கு” என்றார். கண்ணில் கத்தி வைத்தால் உள்ள பார்வையும் போய்விடும் என்று தாயார் மறித்தார்.

வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டோம். தசை சிக்கியிருக்கிறதா? தானாக மாறுமா? செய்தால் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன?

வீக்கத்தால் வரும் இரட்டைப் பார்வை, வீக்கம் வற்ற பெரும்பாலும் குறைந்துவிடும். சிறிய முறிவுகள் பலவற்றுக்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை. ஆனால் சீ.ரி. ஸ்கானில் தசை சிக்கியிருப்பது தெரிந்து, இரட்டைப் பார்வையும் மாறாவிட்டால், அல்லது முறிவு பெரிதாகிக் கண் உள்ளே அமிழ்ந்தால், பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் செய்வார்கள். பிந்தினால் தழும்பு இறுகி, சரிசெய்வது கடினமாகும். பிள்ளைகளுக்குத் தசை சிக்கினால் ஓரிரு நாட்கள்கூடப் பொறுக்கக் கூடாது. பார்வை இழப்பு அரிது, ஆனாலும் நேரலாம். சிலருக்கு இரட்டைப் பார்வை முற்றாக மாறுவதுமில்லை.

இவருக்குத் தசை சிக்கியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டறிந்து, பன்னிரண்டாம் நாள் தானே கையொப்பமிட்டார். சில மாதங்களின் பின் ஊசி ஒன்றாகத் தெரிந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் இன்னும் இரண்டுதான். “தைக்கிறதுக்கு இது காணும்” என்றார்.

சகோதரிகளே, கண்ணில் அடிபட்டால் மூக்கைப் பலமாகச் சீறாதீர்கள். பார்வை குறைந்தாலோ, கடும் வலியுடன் கண் வெளியே தள்ளினாலோ உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் எந்த ஸ்கானுக்கும் முன்பே சொல்லுங்கள், எம்.ஆர்.ஐ. எடுப்பது ஆபத்தாகலாம். அடித்தது யார் என்பதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பொறுத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான், வைத்தியர் பார்த்துச் சொன்னால். பயத்தால் நாட்களைக் கடத்துவது சிகிச்சையல்ல. விளக்கம் கேளுங்கள், முடிவை நீங்களே எடுங்கள்.